இரு நூற் பட்டமும் வல்வெட்டித்துறைக் கைகளும்

தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியால் நடந்து செல்பவர், தாம் பரிஸ் நகரில் நிற்பதைச் சில நிமிடங்களுக்கேனும் மறந்துவிடுவர். கடை வாசல்களில் கரும்பு சாத்தியிருக்கும். பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் ஈரச் சாக்கிலே கிடக்கும். அத்தகைய மாலைப்பொழுதொன்றில், பலசரக்குக் கடையொன்றில் காசு கொடுக்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் கடைக்கார இளைஞரிடம் கேட்ட கேள்வி காதில் விழுந்தது.

"தம்பி, ரிசுத்தாள் வைச்சிருக்கிறியளோ? பட்டம் ஒட்ட."

"பொங்கல் சாமான் எல்லாம் இருக்கு அண்ணை. பட்டத்துக்கு ஒண்டும் இல்லை. இந்தக் குளிருக்குள்ளை ஆர் பட்டம் விடப்போகினம்?"

கேட்டவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உணவகச் சமையலறை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்பவர். வீதிக்கு இறங்கியதும் பேச்சுக் கொடுத்தேன். விடயம் தாளைப் பற்றியதன்று என்பது விரைவிலேயே தெரியவந்தது. அவருடைய வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கின்றது. இங்கே பிறந்த, பதினாறு வயதான மகன் தன் சேமிப்பில் வாங்கிய பட்டம் அது. இரண்டு நூலிலே பறப்பது. தகப்பனார் அதை ஒருமுறை வாங்கிப் பறக்கவிட்டிருக்கிறார். அரை நிமிடத்துக்குள் அது தலைகீழாகத் தரையிலே குத்தித் தடி முறிந்தது. மகன் சிரிக்கவில்லையாம். சிரித்திருந்தால் பரவாயில்லை என்றார் அவர்.

"ஊரிலை எட்டடிப் பட்டம் ஏத்தின கை சேர் இது. அது பட்டமோ? பேய் பிடிச்ச கோழி."

ஆகவே, உண்மையான பட்டம் ஒன்றைத் தம் கையாலே கட்டி, மகனுக்குக் காட்டிவிட வேண்டுமென்று தாள் தேடி வந்திருக்கிறார். அந்த வீதியோரப் பேச்சின் தொடர்ச்சியாக நான்கு ஞாயிறு முற்பகல்கள் லாக்கூர்நெவ் பூங்காவில் கழிந்தன. அங்கே கண்டவையும் கையில் பிடித்து அறிந்தவையுமே இக்கட்டுரை. பட்டத்தையும் அகதியையும் ஒப்பிட்டுக் கவிதை வெளியிடாத ஏடு புலம்பெயர்ந்த மண்ணில் ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே. அந்த உவமையை இங்கே தொடப்போவதில்லை.

வல்வெட்டித்துறைப் பட்டத்தைப் பற்றி இப்பத்திரிகை வாசகருக்கு நீட்டி விளக்கவேண்டியதில்லை. ஆண்டுதோறும் தைப்பொங்கலையொட்டி அவ்வூர்க் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியை, இன்று நம்மவர் கைத்தொலைபேசியிலேயே பார்த்து மகிழ்கின்றனர். பாம்பும் கப்பலும் விமானமும் வானிலே எழுந்து நிற்கின்றன. ஆனால் அக்கலையின் அடிப்படை ஒன்றுதான்: ஒற்றை நூல், கடல்மேல் தடையின்றி வந்து கரையேறும் வாடைக் காற்று, ஏற்றிய இடத்திலே அசையாது நிற்கும் பட்டம். எவ்வளவு உறுதியாக நிற்கின்றது, எவ்வளவு பலமாக இழுக்கின்றது, விண் எவ்வளவு கம்பீரமாகக் கூவுகின்றது என்பவையே நம்மூர் அளவுகோல்கள். அந்த இழுவை எத்தகையது என்பதை 2021 மார்கழியில் உலகமே கண்டது. பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர் சிலர் சேர்ந்து கயிற்றிலே ஏற்றிய பெரும் பட்டமொன்று, கயிற்றை விடாமற் பிடித்திருந்த ஒருவரைப் பனையளவு உயரத்துக்குத் தூக்கிச் சென்ற ஒளிப்படக் காட்சி பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் வந்தது. அவர் பெரிய காயமின்றித் தப்பினார்.

மகன் வாங்கிய பட்டம் இந்த மரபிலே பிறந்ததன்று. அதன் பிறப்புக் கதை வேறு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர் போல் கார்பர். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் புகழ்பெற்ற விமானச் சேகரிப்பை உருவாக்கியவரும் அவரே. கப்பற் பீரங்கியாளர்கள் பறக்கும் விமானத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுவதற்கு மலிவான இலக்கு ஒன்று தேவைப்பட்டது. பட்டமொன்றின் அடியிலே சுக்கான் பூட்டி, இரண்டு நூல்களால் அதைத் திருப்பும் முறையைக் கார்பர் வகுத்தார். அந்தப் பட்டம் வட்டமிடும், எட்டுப் போடும், பாய்ந்து இறங்கும். அதன் துணியிலே எதிரி விமானத்தின் உருவம் வரையப்பட்டிருந்தது. இன்று பூங்காக்களில் பிள்ளைகள் ஆட்டும் இரு நூற் பட்டத்தின் முன்னோர்களுள் ஒன்று, சுடப்படுவதற்கென்றே பறக்கவிடப்பட்டது. வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால், இதை அறிந்தபோது எனக்குச் சற்று நேரம் வேறொன்றும் ஓடவில்லை.

போர் முடிந்தபின் இந்த யோசனை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1972இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீற்றர் பவல், காற்று நிரம்பி நீளும் குழாய்வால் கொண்ட இரு நூற் பட்டத்தை உருவாக்கினார். அது வானில் வால் கொண்டு கோலம் போட்டது, பெருந்தொகையாக விற்பனையாயிற்று. 2016இல் அவர் காலமானார். 1980களில் வால் மறைந்து, அம்புமுனை போன்ற முக்கோணச் சிறகு வந்தது. 1990களில் காபன் குழாய்த் தடிகளும் டைனீமா என்னும் புதிய நூலும் பரவியபோது, பட்டத்தின் குணமே மாறிற்று. அதுவரை 'திருப்பக்கூடிய' பட்டமாக இருந்தது, 'குட்டிக்கரணம் போடும்' பட்டமாயிற்று.

நூலிலே என்ன புதுமை என்று வாசகர் கேட்கலாம். டைனீமா, கடையிலே சாமான் போட்டுத் தரும் பையைப் போலப் பொலிஎதிலீனால் ஆனதே. ஆனால் மூலக்கூற்றுச் சங்கிலி பன்மடங்கு நீண்டது. நூல் நீளாது, மெல்லியதாக இருந்தும் பெரும் பாரம் தாங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, மிகவும் வழுக்கும். பட்டம் தன்னைத் தானே நாலைந்து முறை சுற்றி இரு நூல்களும் முறுக்கிக்கொண்டாலும், ஒன்றன்மேல் ஒன்று வழுகிக் கையின் கட்டளையை மேலே கொண்டு சேர்க்கும். பருத்தி நூலிலோ நைலோன் நூலிலோ இரண்டு முறுக்கு விழுந்தாலே எல்லாம் பூட்டிக்கொள்ளும். குறையும் ஒன்று உண்டு. 150 பாகை செல்சியசுக்கு எட்டுமுன்பே இந்நூல் உருகிவிடும். வேறு இன நூலோடு உரசினால் அந்த உரசற் சூட்டிலேயே அறுந்துபோகலாம்.

பிரெஞ்சு மொழியில் பட்டத்துக்குச் 'செர்-வொலான்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பறக்கும் மான்'. மானுக்கும் பட்டத்துக்கும் என்ன தொடர்பு? தெற்குப் பிரான்சின் பேச்சில் 'பறக்கும் பாம்பு' என்று இருந்த சொல்லே காதுமயக்கத்தால் மானாயிற்று என்று மொழியறிஞர் சிலர் கருதுவர். வல்வெட்டித்துறையில் நாகபாம்புப் பட்டத்தைக் கண்டவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துப்போகும்.

முதல் ஞாயிறு

லாச்சப்பலில் இருந்து பார்த்தால் லா வில்லெத் பூங்காவே கிட்ட உள்ளது. ஆனால் சுற்றிலும் கட்டடங்கள். காற்று கட்டடத்தைத் தாண்டியவுடன் சுழிக்கத் தொடங்கும். தடையின் உயரத்தைப் போல் குறைந்தது ஏழு மடங்கு தூரம் தள்ளி நின்றாலன்றி அந்தச் சுழி அடங்காது. 20 மீற்றர் உயர மாடியென்றால் 140 மீற்றர். ஆகவே, லாக்கூர்நெவ்வில் உள்ள ஜோர்ஜ் வல்போன் பூங்காவைத் தெரிந்தோம். 400 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட பரப்பு. நம்மவர் குடும்பங்கள் பல அதன் அயலிலேயே வாழ்கின்றன. கோடையில் அங்கே கறி வாட்டும் புகையில் தமிழ்ப் பேச்சுக் கேட்காத நாளில்லை. தை மாதத்தில் காகங்கள் மட்டுமே இருந்தன.

தகப்பன், மகன் ஆகியோருடன் மூன்றாமவர் ஒருவரும் வந்திருந்தார். தகப்பனின் தமக்கை மகன், இருபத்தேழு வயது. வந்து ஒன்றரை ஆண்டு. ஒப்ராவில் அவருடைய தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மொந்ரெயில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர். பழைய பழக்கத்தில் நம்மவர் இன்னமும் 'கொமிசியோன்' என்று சொல்லும் அதே இடம். வேலை செய்ய அனுமதியில்லை. மாமன் வீட்டு வரவேற்பறையிலே படுக்கை. முறிந்த தடியை மாற்றி, கட்டிலின் கீழே கிடந்த பட்டத்தை வெளியே எடுத்தவர் இவர்தாம். மச்சான் பள்ளிக்குப் போன பகற்பொழுதுகளில் தனியே பூங்காவுக்குச் சென்று பழகியிருக்கிறார். இது மாமனுக்குத் தெரியாது.

இரு நூற் பட்டத்தின் இயக்கம் சொல்வதற்கு எளிது. நூல் ஒவ்வொன்றும் 25 முதல் 35 மீற்றர் வரை. வலக்கை நூலை இழுத்தால் பட்டம் வலப்புறம் திரும்பும், இடக்கை நூலை இழுத்தால் இடப்புறம். இரண்டும் சமமாக இருந்தால் மூக்கு நோக்கிய திசையிலே நேரே போகும். அந்தத் திசை தரையானால், தரைக்கே போகும். பறப்பவரின் முன்னால் காற்றுப் போகும் பக்கத்தில் உள்ள கால்வாசிக் கோளமே அதன் உலகம். அதன் நடுவிலே வேகமும் இழுவையும் மிகுதி. ஓரங்களிலும் உச்சியிலும் குறைவு.

தகப்பனார் பட்டத்தை வாங்கினார். கால்களை ஊன்றி, கைகளைத் தோளளவு உயர்த்தி, பின்புறமாக நடந்தார். எட்டடிப் பட்டத்தை ஏற்றும் அதே நிலை. பட்டம் சீறிக்கொண்டு உச்சிக்குச் சென்றது, ஒருபக்கம் சாய்ந்தது, அவர் மறுகையை முழுப் பலத்தோடு இழுத்தார், அது முழு வட்டமடித்து மூக்கைத் தரைக்குத் திருப்பிற்று. அப்போதுதான் மருமகன் கூவினார்.

"மாமா! ஊரிலை பட்டம் குத்தினா என்ன செய்வியள்?"

"நூலை இளக்குவன்!"

"அதைத்தான் செய்யுங்கோ!"

அவர் இரு கைகளையும் முன்னே வீசி, நாலடி முன்னுக்கு ஓடினார். நூல்கள் தொய்ந்தன. அம்புபோல் வந்த பட்டம் தரைக்கு மூன்றடி மேலே வேகமிழந்து, வயிறு கீழாகக் கிடந்து, காய்ந்த இலைபோல ஆடி, புல்லின்மேல் இறங்கிற்று. தடி முறியவில்லை. மகன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அவன் சொன்னது, அப்பா தற்செயலாகச் செய்தது பயிற்சியாளர்கள் பல மாதம் பழகும் ஒரு வித்தையின் பாதி என்பதாகும்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல முனைவது முழுவதும் அந்த நாலடி ஓட்டத்தில் அடங்கியிருக்கின்றது. வித்தைப் பட்டத்தின் வித்தைகள் யாவும் நூல் தொய்ந்திருக்கும் நொடிகளிலே நிகழ்பவை. இழுத்துப் பிடிக்கும்வரை அது ஒரு சாதாரண விமானம். கையை முன்னே கொடுத்து நூலைத் தளர்த்திய கணத்தில் அது காற்றின் பிடியிலிருந்து விடுபட்டு, தன் பாரத்தில் புரளத் தொடங்குகின்றது. ஆகவே, இப்பட்டத்தை எடைபோடும் எவரும் அது எப்படி இழுக்கின்றது என்று கேட்பதோடு நிற்கலாகாது. விட்டால் என்ன செய்கின்றது என்று கேட்கவேண்டும். வல்வெட்டித்துறையில் இழுவையே பெருமை. ஆயினும் பட்டம் குத்தும்போது நூலை இளக்கும் அறிவும் அதே கைகளில் உண்டு. வட இந்தியாவின் போர்ப்பட்டக்காரர்கள் ஒற்றை நூலிலேயே இதைச் செய்வர்: தளர்த்தினால் பட்டம் சுழலும், மூக்கு வேண்டிய திசைக்கு வந்த கணத்தில் இழுத்தால் அத்திசையிலே பாயும். தளர்ச்சியால் பட்டத்தை ஆளும் கலை நம் பக்கத்து மண்ணுக்குப் புதிதன்று.

மதிப்பிடுவது எப்படி

இரண்டாம் ஞாயிறு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதே பூங்காவில் பட்டம் விட வந்த முதியவரான பிரெஞ்சுக்காரர் ஒருவர், எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். தம் பையிலிருந்து அவர் எடுத்துத் தந்தது பிரான்சின் ஆர்-ஸ்கை நிறுவனத்தின் 'நிர்வாணா'. வித்தைப் பட்டங்களுள் பெயர்போனது. பெயரைக் கேட்டதும் தகப்பனும் மருமகனும் அடக்கமாட்டாமற் சிரித்துவிட்டனர். பௌத்தர்கள் சொல்லும் நிர்வாணத்தை எண்ணிப் பெயரிட்டிருப்பர் என்று நான் விளக்கினேன். அதற்குத் தகப்பனார் சொன்ன மறுமொழியை அச்சிலே தர இயலாது. பிரெஞ்சுக்காரருக்கு மகன் மொழிபெயர்த்த விதமும் தமிழில் சொல்லப்பட்டதற்கு நெடுந்தூரம்.

மகனுடைய பட்டம் 60 யூரோ அளவில் வாங்கியது. இரவல் பட்டத்தைப் போன்றவை புதிதாக வாங்கினால் 300 யூரோவை எட்டும். இரண்டையும் அருகருகே புல்லில் வைத்துத் தொட்டுப் பார்த்தோம்.

இவ்வகைப் பட்டங்களின் சிறகு விரிவு பெரும்பாலும் 2.2 முதல் 2.5 மீற்றர். நிறை 250 முதல் 350 கிராம் வரை. நல்ல பட்டத்தின் துணி பொலியெஸ்ரர். சதுர மீற்றருக்கு 31 கிராம் நிறையுடைய ஐகரெக்ஸ் துணி இவற்றிலே பரவலாகப் பயன்படுவது. மலிவானவற்றில் நைலோன் துணி இருக்கும். ஈரத்தை உறிஞ்சும்போது நைலோன் தளர்ந்து நீளும். பரிஸின் மாரிக்கு அது ஒத்துவராது. தடிகள் காபன் குழாயானால் இலேசும் விறைப்பும் உண்டு. கண்ணாடி நாரானால் பாரமும் வளைவும் மிகுதி, ஆனால் அடிபட்டால் எளிதில் முறியாது. பின்விளிம்பை வெளியே தள்ளிச் சிறகுக்கு வயிறு கொடுக்கும் சிறு தாங்குதடிகள் இருபுறமும் உள்ளன. முன்விளிம்பிலே நூலைத் தாங்கும் சிறு கொளுக்கிகள் உண்டா என்றும் பார்க்கவேண்டும். நூலைத் தன் உடலிலே சுற்றிக்கொண்டு பறக்கும் யோ-யோ என்னும் வித்தைக்கு அவை துணை. பட்டத்தை நடுத்தடியோடு இரண்டாக மடித்துப் பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் அளவிலே ஒக்கின்றனவா என்று பார்ப்பது வாங்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை.

முச்சையைக் கண்டதும் தகப்பனார் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரை 'சாமான்' என்றே குறிப்பிட்டு வந்தவர் அப்போதுதான் அதைப் பட்டம் என்றார். நம்மூர்ப் பட்டத்துக்கு ஒரு முச்சை. இதற்குச் சிறகுக்கு ஒன்றாக இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று கால்களோடு. நூல் பூட்டும் முடிச்சை மூக்குப் பக்கம் நகர்த்தினால் பட்டம் காற்றுக்குள் தலை நீட்டி வேகமாக ஓடும். மெல்லிய காற்றுக்கு நல்லது. வாற்பக்கம் நகர்த்தினால் இழுவை கூடும், வேகம் குறையும், திருப்பம் இறுகும். "மேல் முச்சை, கீழ் முச்சை. அதே கணக்குத்தான்" என்றார் அவர். ஐந்து மில்லிமீற்றர் நகர்த்தினாலே குணம் மாறிவிடும் என்று பிரெஞ்சுக்காரர் சொன்னதை மகன் மொழிபெயர்த்தான். "ஒரு நெல்லளவு" என்று தகப்பன் அதைத் திருத்தினார். மகன் அந்தச் சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்தான்.

வானத்திலே முதற் சோதனை நேர்கோடு. தரைக்கு ஓராள் உயரத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஆடாமற் போகவேண்டும். மகனுடைய பட்டம் எப்போதும் இடப்புறம் சரிந்தது. மலிவுப் பட்டம் என்று அதைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். பின்னர் நூல்களைக் கழற்றி, பூங்கா வாங்கிலின் காலிலே கட்டி இழுத்துப் பார்த்தால், ஒன்று மற்றதைவிட மூன்று சென்ரிமீற்றர் நீளம். குற்றம் பட்டத்தினுடையதன்று, எங்களுடையது. நூல் சமன் பார்க்காமல் எந்தப் பட்டத்தையும் தீர்ப்பிடலாகாது.

இரண்டாவது மூலைத் திருப்பம்: நேரே வந்து, செங்கோணத்திலே மடங்கி, அலையாமல் மீண்டும் நேரே போதல். மூன்றாவது நிறுத்தம்: பறந்துகொண்டிருக்கும் பட்டம் நடுவானிலே மூக்கு மேலாகச் சட்டென்று நிற்றல். இவ்விரண்டிலும் விலை வேறுபாடு வெளிப்பட்டது. இரவல் பட்டம் மணிக்கட்டின் சிறு அசைவுக்கே பணிந்தது. மகனுடையதற்கு முழங்கை வரை வேலை.

அடுத்தது தளர்ச்சி. 'அக்செல்' என்பது முதல் வித்தை. பனித்தரைச் சறுக்கிலே நோர்வே நாட்டு அக்செல் பவுல்சன் 1882இல் செய்துகாட்டிய பாய்ச்சலின் பெயரே இதற்கும் வழங்குகின்றது. நிறுத்தத்தில் உள்ள பட்டத்தின் ஒரு நூலைச் சுண்டி, உடனே இரு கைகளையும் முன்னே கொடுக்கவேண்டும். பட்டம் வயிறு தரையைப் பார்க்கத் தட்டையாகக் கிடந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். 'பேட்' என்பதில் பட்டம் மல்லாந்து, மூக்கைப் பறப்பவர் பக்கம் நீட்டி, வானில் மிதந்தபடி கிடக்கும். மூக்கு அப்புறம் நோக்கி மல்லாந்தால் அது 'ஆமை'. மருமகன் இரவல் பட்டத்தில் மூன்றாம் முயற்சியிலே பேட் பிடித்தார். அது நாலைந்து நொடி அப்படியே கிடந்தது. சிறு சிறு தட்டல்களால், இடம் வலம் என்று மாறி மாறி, அதை விழாமற் காத்தார். மகனுடைய பட்டத்தில் அதே கைகள் முயன்றபோது, பட்டம் மல்லாந்த மறுகணமே புரண்டு விழுந்தது. வாற்பக்கப் பாரம் எங்கே, எவ்வளவு வைக்கப்பட்டுள்ளது என்பதிலே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி இருக்கின்றது.

கடைசிச் சோதனையைப் பட்டியல்கள் பலவும் விட்டுவிடுகின்றன. விழுந்த பட்டம், நடந்து போய்த் தூக்கி நிறுத்தாமல், நின்ற இடத்திலிருந்தே மீண்டும் எழுப்பக் கூடியதா? பழகுபவருக்கு இது வித்தைகளைவிட முக்கியம். முதல் மாதம் தான் பட்டம் விட்டதைவிட 30 மீற்றர் நடந்ததே அதிகம் என்றார் மருமகன்.

என் மதிப்பீடு இதுதான். இரவல் பட்டம் மேலானது, ஐயமில்லை. ஆனால் தொடங்குபவர் கையில் அது ஒரு தண்டனை. விரலின் நடுக்கத்தைக்கூட அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மகனுடைய 60 யூரோப் பட்டம் சோம்பேறி. அந்தச் சோம்பலே கற்பவருக்குக் காவல். கடற்கரைக் கடைகளில் 20 யூரோவுக்குத் தொங்குபவற்றை வாங்கவேண்டாம். அவற்றில் தளர்ச்சி வித்தை எதுவும் நிகழாது. பழகியவர்கள் கைமாற்றும் பழைய பட்டங்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். தஞ்சம் கோருவோருக்கான உதவித்தொகை தனியாளுக்கு நாளொன்றுக்கு 6.80 யூரோ. 60 யூரோ என்பது ஒன்பது நாட் செலவு. அந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் மருமகன். தமக்கென ஒன்று வாங்குமாறு எவரும் அவருக்கு ஆலோசனை கூறாமலிருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

எச்சரிக்கையும் வேண்டும். இறுகிய நூல் கத்திபோல் வெட்டும். பட்டத்தின் கீழோ நூல்களின் குறுக்கேயோ எவரையும் நடக்க விடலாகாது. குறிப்பாகப் பிள்ளைகளை. மணிக்கு 10 முதல் 25 கிலோமீற்றர் வேகக் காற்றே போதும்.

விண்

மூன்றாம் ஞாயிறு ஒரு வழக்கு எழுந்தது. பின்விளிம்பு காற்றிலே படபடத்து இரைவதை அடக்க, விளிம்புக்குள்ளே ஒரு மெல்லிய கயிறு ஓடுகின்றது. அதை இறுக்கினால் இரைச்சல் ஓயும். இறுக்கம் மிஞ்சினால் துணி குவிந்து வேகம் கெடும். மகன் கவனமாக இறுக்கிக்கொண்டிருந்தான். தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை.

"சத்தம் போடாத பட்டம் என்ன பட்டம் சேர்? இதுக்கு விண் கட்டேலாதோ?"

இங்குள்ளவர் ஓசையைக் குறையாகக் கருதுகின்றனர். நாமோ பனை நாரைச் சீவி, பின்னாளில் பொதி கட்டும் நாடாவை இழுத்துக் கட்டி, ஓசையை வருவித்தவர்கள். இரவு முழுதும் கூரைக்கு மேலே கூவும் விண்ணைக் கேட்டபடி உறங்கியவர்கள். எடை கூடும், சமநிலை கெடும், மல்லாந்து கிடக்கும்போது நூல் அதிலே சிக்கும் என்றெல்லாம் நான் விரிவுரை நிகழ்த்தினேன். அடுத்த ஞாயிறு அவர் சட்டைப் பையிலிருந்து நாடாவும் மூங்கிற் சீவலும் வெளியே வந்தன. மகன் மறுப்பான் என்று எண்ணினேன். அவன் நூலைப் பிடித்து நிறுத்த, தகப்பன் கட்டினார்.

பட்டம் எழுந்தது. கூவிற்று. நேர்கோட்டிலே ஒரே சுருதி. திருப்பத்திலே ஏறி, உச்சியிலே தாழ்ந்தது. நிறுத்தத்தில் சட்டென்று மௌனம். மகன் அதை உடனே கண்டுகொண்டான். வேகத்தைக் காதாலே அளக்க முடிகின்றது, எந்த நொடியில் நூல் தளர்கின்றதென்று ஓசையே சொல்கின்றது என்றான். அக்செல் சுற்றியபோது நூல் நாடாவிலே சிக்கி, நான் எச்சரித்தபடியே பட்டம் விழுந்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வடக்கே பெர்க்-சூர்-மேர் கடற்கரையில் 1987 முதல் சர்வதேசப் பட்டச் சந்திப்பு நடைபெறுகின்றது. வழக்கமாகச் சித்திரை மாதத்தில். உலகக் கிண்ணப் போட்டிகளும் அங்கே நடந்துள்ளன. தியெப் நகரில் 1980 முதல் ஈராண்டுக்கொருமுறை பட்ட விழா உண்டு. பெர்க் இருப்பது பா-து-கலே மாவட்டத்தில். அந்தப் பெயரைக் கேட்டால் நம்மவருட் பலருக்கு நினைவில் வருவது கடற்கரையன்று, பாரவூர்தியின் பின்புறமே. தகப்பனாரும் அவ்வழியால் இங்கிலாந்து போக முயன்று திரும்பியவர்தாம். இம்முறை மகனோடு புகைவண்டியில் போகலாம் என்று பேச்சு நடக்கின்றது. சமையலறையில் வார இறுதி விடுமுறை கேட்கவேண்டும்.

மருமகனுக்கு நீதிமன்றத் தவணை பங்குனியில். அதற்கு முன்னர் யோ-யோவைச் சுற்றுவதோடு, சுற்றியதைச் சிக்கின்றி விரிக்கவும் பழகிவிட வேண்டுமென்கிறார். கடைசி ஞாயிறு நாங்கள் புறப்படும்போது மூன்று சுற்றில் இரண்டை விரித்துவிட்டார். மூன்றாவது சுற்று நூலோடு பட்டம் புல்லிலே கிடந்தது. மாமனும் மச்சானும் அதை எடுத்துவர ஆளுக்கொரு சிறகுப் பக்கமாக நடந்தனர்.